எட்டு அத்திப்பழமும் ஓலைக் கொட்டானும்

முன்னொரு காலத்தில், மழையைவிட வெயிலே அதிக நாள் தங்கிப் போகும் ஒரு நாட்டை நெடுங்கோ என்ற மன்னர் ஆண்டுவந்தார். போர்க்களத்தில் எதற்கும் கலங்காதவர். ஆனால் அந்த வருஷம் அவர் மனைவி செங்கமலத்துக்கு வந்த காய்ச்சல் அவரை ஆட்டிவைத்துவிட்டது. நாற்பது நாள் அடித்த காய்ச்சல் ஒருவழியாக விட்டது. போகும்போது அரசியின் கால் பலத்தையும் நாக்கின் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அரசி அந்தப்புரத் தோட்டத்தை ஒட்டிய அறையில் கட்டிலோடு கிடந்தார். இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. எதைத் தின்றாலும் மண்ணைத் தின்பது போல் இருக்கிறது என்றார்.

"உனக்கு என்ன வேண்டும், சொல். கடல் கடந்தாவது கொண்டுவரச் சொல்கிறேன்" என்றார் மன்னர்.

"எல்லாம் யார் யாரோ கொண்டுவந்து கொடுத்ததுதானே? நீங்கள் உங்கள் கையால் வளர்த்த ஒன்றைத் தின்று பார்க்க வேண்டும் போலிருக்கிறது" என்றார் அரசி.

வாள் பிடித்த கை அதுவரை மண்வெட்டியைத் தொட்டதில்லை. மேற்கிலிருந்து வந்த ஒரு வணிகன் காணிக்கையாகத் தந்த அத்திக் கன்று ஒன்று இடுப்பளவு உயரத்தில் தொட்டியில் நின்றிருந்தது. மன்னர் தோட்டக்காரர்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, அரசியின் அறைக்குப் பத்தடி தள்ளித் தாமே குழி வெட்டி அதை நட்டார். உள்ளங்கை கொப்பளித்தது. தினமும் இரண்டு குடம் தண்ணீர் அவரே சுமந்து ஊற்றினார். தை மாதம் நட்ட கன்று சித்திரையில் காய்த்தது. மொத்தம் பதினொரு காய். மன்னர் அவற்றை எண்ணிவிட்டுத்தான் அரசவைக்குப் போவார். அமைச்சர்கள் எல்லைத் தகராறு பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, "இன்று ஒரு காய் ஊதா நிறம் காட்டுகிறது" என்பார்.

ஒருநாள் காலையில் அந்த ஊதாக் காயில் ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே சதை இல்லை, தோல் மட்டும் தொங்கியது. மறுநாள் கொண்டைக்குருவி ஒன்று இன்னொன்றை முடித்துவிட்டு, மன்னர் கண் எதிரிலேயே கிளையில் அலகைத் துடைத்துக்கொண்டு பறந்துபோனது. மீதம் ஒன்பது.

மன்னருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தளபதியை அழைத்தார். தோட்டத்தைச் சுற்றிப் பன்னிரண்டு பறையடிப்பவர்களும் பன்னிரண்டு கவண் வீரர்களும் வந்து நின்றார்கள். இரண்டு நாள் ஒரு பறவை எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மன்னர் பெருமையோடு அரசியின் அறைக்குள் நுழைந்தார். அரசி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். கஞ்சிக் கிண்ணம் தொடாமல் இருந்தது.

"குருவிகள் எங்கே போயின?" என்று கேட்டார் அரசி. "படுத்தே கிடப்பவளுக்கு அவை கத்துவதைக் கேட்டால்தான் விடிந்தது என்று தெரியும். மூன்று நாளாக எனக்கு விடியவே இல்லை."

அவ்வளவுதான். மன்னர் வெளியே வந்து பறைகளையும் கவண்களையும் அந்தக் கணமே அனுப்பிவிட்டார். குருவிகள் திரும்பின. அன்று மாலைக்குள் இன்னொரு பழம் போயிற்று. மீதம் எட்டு.

அந்த அரசவையில் ஆவுடையப்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். மன்னர் முகம் வாடியபோதெல்லாம் அவனைத்தான் கூப்பிடுவார். இது கருவூல அதிகாரி கனகராயருக்குப் பிடிக்காது. இருபது வருஷமாகக் கணக்கெழுதும் தன்னைப் பார்த்து மன்னர் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை என்பது அவருக்குத் தீராத மனக்குறை. இந்தச் சமயத்தை விட்டுவிடக் கூடாது என்று, முப்பத்திரண்டு ஓலையில் ஒரு திட்டம் எழுதிக்கொண்டு அவர் சபைக்கு வந்தார்.

"அரசே, மரத்தின் மீது பொன் கம்பியால் ஒரு வலை. அதைத் தாங்கத் தேக்குத் தூண்கள் எட்டு. தூண் உச்சியில் வெள்ளிக் கலசம். செலவு ஆயிரம் பொன்தான் ஆகும்" என்றார்.

"ஏரிக்கரை உடைந்ததைக் கட்டியதில் கருவூலம் காலி என்று போன வாரம் நீர்தானே சொன்னீர்?" என்றார் மன்னர். ஓலைக் கட்டை வாங்கிப் பக்கத்தில் போட்டார். "கேளுங்கள் அனைவரும். பறவைகள் வர வேண்டும், பாட வேண்டும். அவற்றுக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது. ஆனால் ஒரு பழத்தையும் பறவை தொடக் கூடாது. கருவூலத்திலிருந்து ஒரு காசும் போகக் கூடாது. இதைச் செய்ய இந்தச் சபையில் யாரும் இல்லையா?"

சபை மேல்கூரையைப் பார்த்தது. கனகராயர் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இருக்கிறாரே அரசே, நமது ஆவுடையப்பன்! எந்தச் சிக்கலையும் வாயாலேயே அவிழ்ப்பவர். பழங்கள் முழுதாகப் பழுக்க இன்னும் பதினைந்து நாள் ஆகும். அதுவரை அவரே காவல் இருக்கட்டும். ஆனால் அரண்மனைக் கிடங்கிலிருந்து ஒரு துரும்பும் எடுக்கக் கூடாது. சந்தையில் விலை கொடுத்தும் எதையும் வாங்கக் கூடாது. ஒரு பழத்தைப் பறவை தொட்டாலும் அவர் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். சம்மதமா என்று கேளுங்கள்."

மன்னர் இருந்த மனநிலையில், அது நியாயமா என்று யோசிக்கவில்லை. "அப்படியே ஆகட்டும். ஆணையை எழுதும்" என்றார். கனகராயர் தம் கையாலேயே எழுதினார்.

ஆவுடையப்பன் வணங்கினான். "ஐயா கனகராயரே, எனக்குத் தோட்ட வேலை தெரியாது. பழத்தைக் காக்கும் வழியைத் தாங்கள்தான் காட்ட வேண்டும்."

கனகராயர் ஓலைக் கட்டைத் தூக்கி அவன் கையில் திணித்தார். "என் திட்டத்தை எடுத்துப் போம். எட்டுப் பழத்தைக் காப்பாற்ற வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது!"

சபை சிரித்தது. ஆவுடையப்பன் ஓலைக் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியேறினான்.

அன்று பகல் முழுக்க அவன் மரத்தடியில் உட்கார்ந்து பறவைகளைப் பார்த்தான். முற்பகலில் அவை புழு தேடின, சண்டை போட்டன, பாடின. பழத்தின் பக்கம் அதிகம் வரவில்லை. உச்சிவெயில் ஏறியதும்தான் ஒவ்வொன்றாக அத்தி மரத்துக்கு வந்தன. மைனாக்கள் அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கின. தோட்டத்தின் கல்தொட்டியின் அடிவண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆவுடையப்பன் மேல்துண்டை வீசி வீசி அவற்றை விலக்கினான். விலக்கும்போது அவனுக்கே பாவமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனான். அவன் மனைவி பேச்சியம்மை முற்றத்தில் முறம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஊரே பேசுது. எட்டுப் பழத்துக்கு நாட்ட விட்டுத் தொரத்துவாங்களாம்லா? நீங்களும் தலைய ஆட்டிட்டு வந்தீங்களாக்கும்?"

"ராஜா முகத்தைப் பாத்தேன் பேச்சி. பொஞ்சாதி ஒரு பழம் திங்க மாட்டாளான்னு ஏங்கிக் கிடக்காரு. மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

பேச்சியம்மை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "சரி, அந்தக் குருவிங்களுக்கு என்னதான் வேணுமாம்?"

"தண்ணி. தாகத்துக்குத்தான் பழத்தக் குத்துதுங்க. நம்ம வீட்டு ஒடஞ்ச பானை ரெண்டையும் கொண்டுபோய்த் தண்ணி வச்சிருவேன். ஆனாலும் பழம்னு பாத்தா ஒண்ணு ரெண்டு குத்தத்தான் செய்யும். மூடி வைக்கணும். வாங்கவும் கூடாது, கேக்கவும் கூடாது." அவன் இடுப்பிலிருந்த ஓலைக் கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "இதான் இருக்கு. கனகராயர் குடுத்தாரு. பழத்தக் காக்க வேண்டியது எல்லாம் இதுல இருக்காம்."

பேச்சியம்மை ஒரு ஓலையை எடுத்து வளைத்துப் பார்த்தாள். விரலால் நீவினாள்.

"நல்ல முத்தின ஓலை. ஊற வச்சா வளையும். எட்டுக் கொட்டான் தாராளமா வரும்" என்றாள்.

ஆவுடையப்பன் துண்டை வீசிக் காவல் இருந்த இரண்டே நாளில், கைப்பிடி அளவில் மூடி போட்ட ஓலைப் பெட்டிகளாக எட்டுக் கொட்டான்கள் தயாராயின. காற்றும் வெளிச்சமும் உள்ளே போக இடைவெளி விட்டு முடைந்திருந்தாள். ஆவுடையப்பன் அவற்றை ஒவ்வொரு பழத்தின் மீதும் மாட்டி, மூடியை வாழை நாரால் கிளையோடு சேர்த்துக் கட்டினான். கீழே இரண்டு பானை ஓடுகளில் தண்ணீர் நிரப்பினான். தண்ணீர்கூட அரண்மனைக் கிணற்றில் எடுக்கவில்லை. ஊர்க்குளத்திலிருந்து தலையில் சுமந்து வந்தான்.

சேதி கேட்டு மன்னர் வந்தார். பின்னாலேயே கனகராயரும் வந்தார். மன்னர் ஒரு கொட்டானைக் கையில் ஏந்தி, அதன் மேலிருந்த எழுத்தைப் படித்தார். "'பொன் கம்பி இருநூறு பலம்'... இது என்ன?"

கனகராயர் முகம் சிவந்துவிட்டது. "அரசே! இது என் திட்டம்! என் கையெழுத்து! கிழித்து நாசம் செய்துவிட்டான்!"

"ஐயா, தாங்கள் சொன்னபடிதான் செய்தேன்" என்றான் ஆவுடையப்பன் பணிவாக. "பழத்தைக் காப்பாற்ற வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது என்றீர்கள். பிரித்துப் பார்த்தேன், உண்மைதான். தேக்குத் தூண் நாலாவது பழத்துக்குக் காவல். வெள்ளிக் கலசம் ஏழாவதற்கு."

மன்னர் மீசையைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

அடுத்த நாட்களில் தோட்டம் மாறிப்போனது. பானை ஓட்டில் தண்ணீர் கிடைத்ததும் பறவைகள் அங்கேயே குடியேறிவிட்டன. மைனாக்கள் சிறகடித்துக் குளித்தன. தேன்சிட்டுகள் விளிம்பில் உட்கார்ந்து ஓரமாக அலகை நனைத்தன. இரண்டொரு குருவி கொட்டானைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயின. சத்தம் தாங்காமல் தோழி மங்களம் சன்னலைச் சாத்தப் போனாள். அரசி தடுத்தார். "என்னைக் கொஞ்சம் சாய்த்து உட்கார வை. எது குளிக்கிறது என்று பார்க்க வேண்டும்" என்றார். கட்டிலில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது மாதக்கணக்கில் அதுவே முதல் தடவை.

பதின்மூன்றாம் நாள் மாலை. மன்னரும் கனகராயரும் தோட்டத்துக்கு வந்தபோது, கனகராயர் கொட்டான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அரசியின் அறைப் பக்கக் கிளையில் இருந்தது கையில் எடையே இல்லாமல் ஆடியது. முடிச்சை அவிழ்க்காமலே மூடியின் ஓரத்தை நெம்பிப் பார்த்தார். உள்ளே காம்பு மட்டும் இருந்தது.

"அரசே! முதலில் பழுத்த பழம்! பறவை தின்றுவிட்டது!"

மன்னர் வெறும் கொட்டானைப் பார்த்தபடி நின்றார். கோபத்தைவிட வருத்தம்தான் முகத்தில் தெரிந்தது. "ஆவுடையப்பா, என்ன இது?"

ஆவுடையப்பன் அதற்குள் பார்த்துவிட்டான். அவன் கட்டிய முடிச்சு ஒற்றை முடிச்சு. இந்த மூடியிலோ நார் இரட்டை முடிச்சாகப் போடப்பட்டிருந்தது. அவிழ்த்தவர் கவனமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார். பறவை முடிச்சுப் போடாது. பானை ஓட்டைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. அதில் சின்னச் சின்னக் காலடிகள், நெருக்க நெருக்கமாக, ஒரு குழந்தை நடை பழகியதுபோல, அரசியின் அறை வாசலிலிருந்து மரம் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருந்தன.

அவன், கனகராயர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள், தண்ணீர் ஊற்றப் போகிறவனைப் போல நகர்ந்து, அந்தக் காலடிகளின் மேல் தன் காலை இழுத்து இழுத்து அழித்துவிட்டான். தன்னைக் காப்பாற்றக்கூடிய பெரிய சாட்சியே அதுதான்.

"அரசே, எனக்கு நாளைக் காலை வரை அவகாசம் தாருங்கள். பழத்தைத் தின்ற பறவையை இதே இடத்தில் தங்கள் முன் நிறுத்துகிறேன். முடியாவிட்டால் அப்படியே கிளம்பிவிடுகிறேன்."

"பறவையை எப்படி அடையாளம் காண்பீர்? வயிற்றைக் கிழித்தா?" என்று கேட்டார் கனகராயர்.

"அதற்குத் தேவை வராது. அதுவே ஒப்புக்கொள்ளும்" என்றான் ஆவுடையப்பன்.

மன்னர் தலையசைத்தார்.

அவர்கள் போனதும் ஆவுடையப்பன் மங்களத்தைத் தேடிப் போனான். அவனைக் கண்டதுமே அவள் கண் கலங்கிவிட்டது.

"சாமி, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. பத்து நாளா மத்தியானத்துல, எல்லாரும் தூங்குற நேரமாப் பாத்து, சுவரப் பிடிச்சு நடந்து பழகுறாங்க. பதினஞ்சாம் நாளு தானே நடந்துபோய்ப் பழத்தைப் பறிச்சு ராஜா கையில குடுக்கணும்னு ஆசை. இன்னிக்கு மரம் வரைக்கும் போயிட்டாங்க. கொட்டானைத் தொறந்து மோந்து பாத்தாங்க. அப்புறம்..." மங்களம் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "தின்னுட்டாங்க சாமி. நின்ன நிலையிலே முழுசாத் தின்னுட்டாங்க. இனிக்குதுடி மங்களம்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க."

ஆவுடையப்பன் சொன்னான்: "அம்மாகிட்ட இதை மட்டும் சொல்லு. நாளைக் காலையில் ராஜா மரத்தடிக்கு வருவார். நடந்து வர முடிஞ்சா வரட்டும். முடியலேன்னா மனசைப் போட்டு அலட்டிக்க வேண்டாம். நாலு ஊரைப் பாக்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசைதான்."

வீட்டில் பேச்சியம்மை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உண்மையச் சொல்லிட்டா இப்பவே தப்பிச்சிரலாம்லா?" என்றாள்.

"சொல்லலாம். ஆனா அந்தம்மா நடக்குறத ராஜா என் வாயால கேக்கவா பேச்சி? கண்ணால பாக்க வேண்டியதுல்லா அது?"

பேச்சியம்மை அவனையே பார்த்தாள். பிறகு எழுந்து போய், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு துணிமூட்டை கட்டி வைத்தாள்.

மறுநாள் காலையில் அத்தி மரத்தடியில் மன்னர் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். கனகராயரும் சில அதிகாரிகளும் நின்றிருந்தார்கள். ஆவுடையப்பன் வெறுங்கையோடு வந்தான்.

"கூண்டு எங்கே?" என்றார் கனகராயர்.

"கூண்டில் அடையும் பறவை இல்லை ஐயா. பறக்கவும் தெரியாது. இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறது."

"விகடம் போதும். பறவை எப்போது வரும்?"

"வர மனம் வைத்தால் வரும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டு மைனாக்கள் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. வெயில் மரத்தடிக்கு வந்துவிட்டது. ஆவுடையப்பன் நெற்றியில் வியர்வை அரும்பியது. "அரசே, ஆணையை நிறைவேற்றலாமே" என்று கனகராயர் ஆரம்பித்தார்.

அப்போது அறைக் கதவு திறந்தது.

செங்கமலம் நிலையைப் பிடித்தபடி வாசலில் நின்றார். மங்களம் கை கொடுக்க வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, நிலையிலிருந்து கையை எடுத்தார். ஒரு அடி வைத்தார். நின்றார். இன்னொரு அடி.

மன்னர் ஆசனத்திலிருந்து துள்ளி எழுந்து ஓடப் பார்த்தார். ஆவுடையப்பன் குறுக்கே கை நீட்டினான். "அரசே, அசையாமல் நில்லுங்கள். நாம் ஓடினால் பறவை மிரண்டுவிடும்" என்றான் மெதுவாக.

நாடாளும் மன்னர் அவன் சொன்னபடியே நின்றார். அவர் கைகள் மட்டும் முன்னால் நீண்டிருந்தன. பத்தடி தூரத்தை அரசி இருபது அடியாக நடந்து வந்து, அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"தின்றது நான்தான்" என்றார். "உங்களுக்குப் பறித்துக் கொடுக்கத்தான் வந்தேன். வாசனை என்னை விடவில்லை."

மன்னர் "இனித்ததா?" என்று மட்டும் கேட்டார்.

"இனித்தது. ஒன்று தின்றால் இன்னொன்று கேட்கிறது."

மன்னர் சிரித்தார். முதலில் சத்தமே வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. பிறகு தோட்டத்துப் பறவைகள் எல்லாம் ஒரே வீச்சில் எழுந்து பறக்கும்படி வாய்விட்டுச் சிரித்தார். அரசியைத் தம் ஆசனத்தில் உட்கார வைத்துவிட்டு, அவர் காலடியில் தரையில் அமர்ந்தார்.

கனகராயர் அப்போதும் விடவில்லை. "அரசே, மகிழ்ச்சிதான். ஆனாலும் எட்டில் ஒன்று குறைந்தது உண்மை. ஆணை ஆணைதானே?"

"ஆணையைத் தாங்களே படியுங்கள் ஐயா, தாங்கள் எழுதியதுதானே" என்றான் ஆவுடையப்பன்.

கனகராயர் ஓலையை விரித்தார். "'ஒரு பழத்தைப் பறவை தொட்டாலும்'..." அதற்கு மேல் படிக்கவில்லை.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்? மகாராணியாரைப் பறவை என்று சபையில் நிரூபிக்க முடியுமானால், நான் இப்போதே மூட்டையோடு கிளம்பத் தயார்."

"நீர்தானே பறவையைக் கொண்டுவருவேன் என்றீர்!"

"நான் விகடகவி ஐயா, என்ன வேண்டுமானாலும் சொல்வேன். தாங்கள் சொல்லலாமா?"

இந்தத் தடவை அரசியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு மன்னர் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கனகராயர் ஓலையைச் சுருட்டினார். அவர் உதட்டின் ஓரத்திலும் ஏதோ துடித்ததாக மங்களம் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

"கனகராயரே, உம் ஓலைதான் இந்தப் பழங்களைக் காத்தது. அதை நான் மறக்க மாட்டேன்" என்று மன்னர் அவரைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக மன்னர் தம்மைப் பார்த்துச் சிரித்ததில், கனகராயர் சுருட்டிய ஓலையையே மறுபடி விரித்துச் சுருட்டினார். "இனி ஒவ்வொரு கோடையிலும் இந்த ஊரின் தெருக்கள் எல்லாவற்றிலும் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பு உம்முடையது."

பிறகு தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பனுக்குப் போட்டார். "வேறு என்ன வேண்டும், கேளும்."

"ஒரு பழம் அரசே. கொட்டான் முடைந்தவள் வீட்டில் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்."

மன்னர் இருப்பதிலேயே பழுத்ததைத் தேடிப் பறித்தார். அதை அரசி வாங்கி, தம் கையாலேயே ஆவுடையப்பனிடம் கொடுத்தார்.

அவன் வீடு வந்தபோது பேச்சியம்மை வாசற்படியில் மூட்டைகளின் நடுவே உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். எழுந்து மூட்டைகளை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் பழத்தைப் பிட்டுப் பெரிய பாதியை அவள் கையில் வைத்தான். அவள் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இம்புட்டு இனிப்பா!" என்றாள். பிறகுதான் அவன் கழுத்தில் கிடந்த மாலையைக் கவனித்தாள். "அது என்னதுங்க, முத்தா?"

"ஆமா. அதுவும் குடுத்தாரு."

"அது கிடக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்றாள் பேச்சியம்மை. "உங்க பாதியத் தின்னுட்டுச் சொல்லுங்க, அந்தம்மா எப்படி நடந்தாங்க?"